61,000 ரூபாய் எஸ்டிமேட்: எதை உடனே மாற்றுவது, எதைத் தள்ளிப்போடுவது?

அவிநாசி ரோடு (அவிநாசி)

வணக்கமுங்க. 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1,42,000 கி.மீ. ஓடிய வண்டி. தினமும் அவிநாசியிலிருந்து பெருந்துறைக்கு பைபாஸில் வேலைக்குப் போய்வருகிறேன். ஆயில் மாற்றுவதற்காக சர்வீஸில் விட்டேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு எஸ்டிமேட் வந்தது. கூட்டிப் பார்த்தால் 61,000.

முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் லீக். லோயர் ஆர்ம் (வீலைப் பிடித்திருக்கும் கீழ்க் கை) இரண்டும் ரப்பர் புஷ் தேய்மானம். இடது ஆக்சில் பூட் கிழிசல். டேப்பட் கவர் (என்ஜினின் மேல் மூடி) பேக்கிங் லீக். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் லீக், அதற்கு கியர்பாக்ஸ் இறக்க வேண்டுமாம், இறக்கினால் கிளட்ச் செட்டும் போட்டுவிடலாமாம். வாட்டர் பம்ப் லீக். பின் டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டர் இரண்டும் லீக். என்ஜின் மவுண்டிங் ஒன்று.

ஓட்டும்போது எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. கூலன்ட் டப்பாவில் மட்டும் அவ்வப்போது கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் அப்பா அம்மாவை ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அப்படியே வால்பாறை ஏறலாம் என்று நினைத்திருக்கிறோம். இவ்வளவு பணத்தை ஒரே மூச்சில் போட முடியாதுங்க. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சள் போர்டு (திருப்பூர்)

வீல் சிலிண்டரும் வாட்டர் பம்பும் முதலில். மற்றதைப் பிறகு பேசலாம். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் 40 ஊசி வளைவு. ஏறும்போது என்ஜின் சூடேறும், இறங்கும்போது பிரேக் சூடேறும். இந்த இரண்டில் ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் அந்த வண்டியை மலைக்கு எடுக்காதீங்க. அட்டகட்டிக்குப் பக்கத்தில் வண்டி நின்றால் கீழே பொள்ளாச்சியிலிருந்துதான் ஆள் வர வேண்டும். பெரியவர்களை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிற கஷ்டம் எஸ்டிமேட்டில் எழுதியிருக்காது.

காங்கேயம் தோட்டத்தான்

ஏனுங்க தம்பி, வண்டி நன்றாக ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு 61,000? என் பிக்கப்பில் என்ஜின் அடியில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்குத்தான். தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு உடுமலை, பொள்ளாச்சி என்று ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பேன், குறைந்தால் ஊற்றுவேன். மாட்டுக்கு மூக்கு ஒழுகுகிறது என்று உடனே கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவோமா?

இன்னொன்று. கம்பெனியில் பூட்டி வந்த பார்ட்டைக் கழற்றிவிட்டால் அதே தரத்தில் இன்னொன்று அமைவது சிரமம். நல்ல பார்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆறே மாதத்தில் கடகடவென்று சத்தம் போடுகிற பார்ட்டைப் பூட்டிக்கொண்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

பட்டறைக்காரன் (கோபி)

தோட்டத்து அண்ணன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். என்ஜின் ஆயில் லேசாகக் கசிவதற்கு யாரும் பயப்பட வேண்டாம். பழைய என்ஜின் எங்கேயாவது கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும். தரையில் சொட்டாமல், ஒரு சர்வீஸுக்கும் அடுத்ததுக்கும் இடையில் ஸ்டிக்கில் பெரிதாக இறங்காமல் இருந்தால் காத்திருக்கலாம்.

ஆனால் இந்த எஸ்டிமேட்டில் எனக்கு இடிக்கிற இடம் கிராங்க் பின்பக்க சீல்தான். டேப்பட் கவர் பேக்கிங் போனால் ஆயில் என்ஜினின் பின்பக்கமாக வழிந்து, என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் வந்து தேங்கும். ஓடும்போது காற்று அதை இன்னும் பின்னால் தள்ளும். லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த இணைப்பு நனைந்திருப்பது மட்டும்தான் தெரியும். சீல் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

அதனால் டேப்பட் பேக்கிங்கை மட்டும் மாற்றி, என்ஜினைக் கழுவித் துடைத்து, ஒரு வாரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இணைப்பு காய்ந்திருந்தால் கியர்பாக்ஸ் இறக்கும் வேலையே இல்லை. சீலேதான் என்றாலும், ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டு வழுக்காதவரை அவசரமில்லை. கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸ் இறங்குகிற அன்றைக்கு சீலையும் போட்டுக்கொள்ளலாம், கூலி ஒன்றுதான். கவரைத் திறக்கும்போது பிளக் குழிகளில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேங்கினால் மிஸ்ஃபயர் ஆகும், இக்னிஷன் காயிலும் கெடும். பிசிவி வால்வையும் பாருங்கள். என்ஜினுக்குள் சேருகிற அழுத்தம் வெளியேறும் வழி அது. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் சீல்களைத் தள்ளி, புதுப் பேக்கிங்கும் சீக்கிரம் ஒழுகும். விலையும் அதிகமில்லை.

வாட்டர் பம்ப் விஷயம் வேறு. பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள் சீல் போனால் கூலன்ட் அந்த வழியாக வெளியே வரும், காய்ந்து பூத்த தடம் தெரியும். சீல் போன பம்பில் அடுத்தது பேரிங். பேரிங் இறுகினால் பெல்ட் போகும், பெல்ட் போனால் தண்ணீர் ஓட்டமும் சார்ஜும் சேர்ந்து நிற்கும். அலுமினிய ஹெட் ஒருமுறை சூடேறி வளைந்தால் பம்பின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. கூலன்ட் குறைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அன்றைக்கே பெல்ட்டையும் ஹோஸ்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், எப்படியும் கூலன்ட் வடியத்தான் போகிறது.

ஆக்சில் பூட்டுக்கு நான் கொடுக்கும் கெடு இந்த வாரம். ரப்பர் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணியும் உள்ளே போகும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடித்துப் பாருங்கள். டக்டக் சத்தம் இல்லை என்றால் ஜாயின்ட் பிழைத்திருக்கிறது. கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, பூட் மாற்றினால் போதும், ரப்பர் சில நூறு ரூபாய் சாமான். சத்தம் வந்துவிட்டால் பூட் மாற்றுவது வீண், ஜாயின்டோ முழு ஆக்சிலோ போட வேண்டும், அது ஆயிரக்கணக்கில். எஸ்டிமேட்டில் பெரிய தொகைக்குக் கீழே ஒளிந்திருக்கிற இந்த மாதிரி சில்லறை வேலைகளைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

வீல் சிலிண்டரை டிரம்மைக் கழற்றாமல் சொல்ல முடியாது. ஓரத்து ரப்பரைச் சற்றே தூக்கிப் பார்த்தால் உள்ளே ஈரமா என்று தெரியும். ஷாக், ஆர்ம் இரண்டும் நேரில் பார்த்தால்தான்.

லேத் பட்டறை (கணபதி, கோவை)

கோபி அண்ணன் சொன்னதோடு என் பங்குக்கு ஒன்று. கி.மீ. கணக்கு, வருடக் கணக்கு எல்லாம் ஓரளவுக்குத்தான். ஒரு பார்ட் போவதற்கு முன் சத்தம் கொடுத்து, நடுங்கி, சொல்லிவிட்டுப் போகுமா? இல்லை ஒரு நொடியில் போய்விடுமா? போகும்போது தனியாகப் போகுமா, கூட நாலு பார்ட்டை இழுத்துக்கொண்டு போகுமா? எதை உடனே மாற்றுவது என்று நான் முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

வீல் பேரிங் சொல்லிவிட்டுப் போகிற ரகம். வேகம் கூடக்கூட ரீங்காரம் கூடும். வலப்பக்கம் வளைக்கும்போது சத்தம் அதிகமானால் பெரும்பாலும் இடது பேரிங், எடை அந்தப் பக்கம்தான் சாயும். பிரேக் பேடும் அப்படியே, பல பேடுகளில் ஒரு தகடு வைத்திருப்பார்கள், தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். என்ஜின் மவுண்டிங் ஐடிலில் நடுங்கிக் காட்டும். இவற்றைக் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். டைமிங் பெல்ட் அப்படியில்லை. அறுந்தால் அறுந்ததுதான், வால்வும் பிஸ்டனும் மோதுகிற என்ஜினாக இருந்தால் ஹெட் வேலைதான். ஸ்விஃப்டில் செயின் என்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பெல்ட் என்ஜின் வைத்திருக்கிறவர்கள் கம்பெனி சொன்ன கி.மீ. அல்லது வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். இதில் தோட்டத்து அண்ணன் பேச்சைக் கேட்கக் கூடாது.

பிரேக் ஆயிலைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரி கூட இல்லையே, கவனித்தீர்களா? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக ஆயில் என்றால் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் தர அளவு 155 டிகிரிதான். டாட் 3க்கு 205, 140. வால்பாறையிலிருந்து காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அந்தச் சூடு வீல் பக்கம் சர்வசாதாரணமாக ஏறும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் கடைசிவரை இறங்கும், வண்டி நிற்காது. சொட்டு கூட ஒழுகாத வண்டியிலும் இது நடக்கும். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் முழுதாக மாற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மெதுவாக இறங்கினால் எப்போதும் லீக் என்று அர்த்தமில்லை. பேட் தேயத்தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் முதலில் பேட் கனத்தைப் பாருங்கள். 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். டிஸ்க்கைக் கடைந்து தரச் சொல்லி என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது டிஸ்க்கின் மேல் பொறித்திருக்கிற குறைந்தபட்சக் கனம். அதற்குக் கீழே போகும் என்றால் கடைய மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

நம்ம ஊரில் சாமானைக் கழற்றிப் பார்த்து முடிவு சொல்கிற பழக்கம் புதிதல்ல. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கியவர், அந்தக் காலத்தில் எஸ்டிமேட் அனுப்ப யார் இருந்தார்கள்? கழற்றிப் பார்க்காமல் எழுதிய எஸ்டிமேட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

காங்கேயம் தோட்டத்தான்

பிரேக்கில் நான் விளையாட மாட்டேன், அதை எங்கேயும் சொல்லவில்லையே. என் பேச்சு ஆயில் பிசுக்கைப் பற்றி. கூலன்ட்டும் அப்படித்தான், எங்கள் போர் தண்ணியை ஊற்றித்தான் இத்தனை வருடம் ஓட்டுகிறேன்.

பட்டறைக்காரன் (கோபி)

அதைத்தான் அண்ணா விடச் சொல்கிறேன். காங்கேயம், அவிநாசி, திருப்பூர் பக்கத்து போர் தண்ணியில் உப்பு எவ்வளவு என்று வீட்டுக் குழாயைப் பார்த்தாலே தெரியும். அந்தப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள் உட்காரும். பம்ப் சீலை அறுப்பதும் அதுதான். சிறுவாணித் தண்ணியாகவே இருந்தாலும் ரேடியேட்டருக்கு வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே விற்கிற டப்பா. கூலன்ட் சூடு தணிக்க மட்டுமல்ல, துருப் பிடிக்காமல் இருக்கவும்தான்.

பெருந்துறை டீச்சர்

நான் என் காரை நானே சர்வீஸுக்கு விடுகிறேன். பெண் வந்தால் எஸ்டிமேட் ஒரு பக்கம் நீளும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வீடியோ கேட்பேன். ஷாக் லீக் என்றால் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்த பிறகு எடுத்த வீடியோ. லோயர் ஆர்ம் என்றால் கடப்பாரை கொடுத்து ஆட்டுகிற வீடியோ. கேட்ட உடனே இரண்டு மூன்று வரி தானாகவே காணாமல் போய்விடும். மாற்றிய பழைய பார்ட்டை டிக்கியில் வைக்கச் சொல்வதும் பழக்கம். பில்லில் எழுதியது உண்மையிலேயே மாறியதா என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அப்புறம், குறைவாக ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் வண்டி பள்ளிக்கும் சந்தைக்கும்தான், கி.மீ. ஏறவே ஏறாது. ஆனால் ரப்பருக்கு கி.மீ. தெரியாது. டயர், ஹோஸ், வைப்பர், பிரேக் ஹோஸ் எல்லாம் வெயிலிலும் வருடத்திலும் போகிறவை. டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. டயர் பட்டன் (தரையில் படுகிற புடைப்பு) 1.6 மி.மீ.க்கு மேலே இருந்தால் சட்டப்படி சரிதான். ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட பழைய டயரைப் பட்டன் இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள். அவிநாசி சார், உங்கள் டயர் தேதியைப் பார்த்தீர்களா? எஸ்டிமேட்டில் அதுவும் இல்லையே.

மஞ்சள் போர்டு (திருப்பூர்)

டீச்சர் சொன்னது சரி. எனக்குக் கணக்கே வேறு. அதிகாலை நாலு மணிக்கு பீளமேடு ஏர்போர்ட்டுக்கு சவாரி இருக்கும்போது வண்டி நின்றால், பார்ட் விலையைவிட அந்தப் பார்ட்டி போவதுதான் நஷ்டம். அதனால் ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் மூடி எல்லாம் போகும்வரை வைத்திருக்க மாட்டேன். வீட்டு வண்டிக்கு அந்த அவசரம் தேவையில்லை, ஊருக்குள் ஓடுகிற வண்டி நின்றால் ஆட்டோ பிடித்துப் போகலாம். ஒரே பார்ட்டுக்கு இரண்டு பேருக்கு இரண்டு பதில் வருவது அதனால்தான்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ரப்பர் போன மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, கூலன்ட் டப்பா வழியாக வெளியே தள்ளும். தம்பி, பம்ப் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அதையும் ஒரு பார்வை பாருங்கள். என்ஜின் ஆறின பிறகு மட்டும்தான் திறக்க வேண்டும்.

ஈரோடு மஞ்சமண்டி

ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மஞ்சள் தூள் போட்டால் நிற்கும் என்று எங்கள் டிரைவர் சொல்வார். எங்கள் ஊரில் மஞ்சளுக்கா பஞ்சம்! யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பட்டறைக்காரன் (கோபி)

நிற்கும். ஊசித் துளையாக இருந்தால் மஞ்சள் போய் அடைக்கும், பல டிரைவர்கள் அப்படி வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் துளையை அடைக்கிற மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். கடையில் டப்பாவில் விற்கிற லீக் மருந்தும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஊர் வந்து சேர்ந்த மறுநாளே கழுவி விட வேண்டும். பம்ப் சீலுக்கும் ஹோஸ் கிளாம்புக்கும் மஞ்சள் வேலைக்கு ஆகாது. பெட்ரோல் டேங்க் துளைக்கு சோப்பு வைத்து அடைக்கிறதும் இதே கதைதான், பட்டறைவரை வந்தால் போதும் என்கிற கணக்கு.

அவிநாசி ரோடு (அவிநாசி)

எல்லோருக்கும் நன்றிங்க. தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். பம்பின் அடித்துளையில் பச்சைத் தடம் நன்றாகத் தெரிகிறது, மூடி நன்றாக இருக்கிறது. ஆகவே பம்ப் உறுதி. டிரம்மைக் கழற்றியதில் வலது வீல் சிலிண்டர் நன்றாகவே ஒழுகி ஷூ நனைந்துவிட்டது. இடது பக்கம் காய்ந்திருக்கிறது. ஆக்சிலில் சத்தம் இல்லை. லோயர் ஆர்மில் வலது பக்கம் பின் புஷ் பிய்ந்து இரும்பு ஆடுகிறது, இடது புஷ்ஷில் மேலோட்டமான வெடிப்பு மட்டும். பால் ஜாயின்டில் ஆட்டம் இல்லை. ஷாக்கில் இடது பக்கம் மேல் பாதியில் எண்ணெய்ப் படலம், தூசி ஒட்டியிருக்கிறது. வலது பக்கம் அடிவரை வழிந்திருக்கிறது. டயர் 2020 தயாரிப்பு, வெடிப்பு இல்லை.

ஆயில் லீக்குக்கு டேப்பட் பேக்கிங் மட்டும் மாற்றச் சொல்லிவிட்டேன். கேள்வி இதுதான்: ஒரு பக்கம் மட்டும் போன பார்ட்டுக்கு இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா?

காங்கேயம் தோட்டத்தான்

போனதை மாற்றுங்கள், இருப்பதை விடுங்கள். இதில் என்ன கேள்வி?

லேத் பட்டறை (கணபதி, கோவை)

ஷாக்கில் அது நடக்காதுங்க. புதிய ஷாக் ஒரு பக்கம் இறுக்கமாகப் பிடிக்கும், பழையது மறுபக்கம் தளர்ந்து விடும். வளைவில் சடாரென்று பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். ஒரே ஆக்சிலில் இரண்டும் சேர்ந்துதான். ஆனால் இடது ஷாக்கில் மேல் பாதிப் படலம் மட்டும் என்றால் அதற்கு இன்னும் ஆயுள் இருந்தது, அந்த அளவில் எஸ்டிமேட்டில் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. பானட் மூலையை அமுக்கி விட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பார்கள். முழுதாகச் செத்த ஷாக்கைத்தான் அது காட்டும், பாதி போனதைக் காட்டாது. டயர் பட்டன் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள், அதில் தெரியும்.

பட்டறைக்காரன் (கோபி)

கணபதிக்காரர் சொன்னதுதான். ஜோடியாக மாற்ற வேண்டியவை ஷாக், ஸ்பிரிங், பிரேக் பேட், ஷூ. வீல் சிலிண்டர் விலை குறைவு, இரண்டும் ஒரே வயது, ஒன்று போயிருந்தால் மற்றதையும் போடுவது நல்லது. நனைந்த ஷூவைத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, தீயில் காட்டி மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஊறின எண்ணெய் சூடேறினால் மறுபடி மேலே வரும்.

லோயர் ஆர்மில் ஜோடிக் கட்டாயம் கிடையாது. பிய்ந்த பக்கம் மட்டும் போடுங்கள், இடது பக்கத்தை அடுத்த சர்வீஸில் பார்க்கலாம். பால் ஜாயின்ட் நன்றாக இருக்கும்போது புஷ் மட்டும் தனியாகக் கிடைத்தால் பிரஸ்ஸில் வைத்து ஏற்றிவிடலாம், முழு ஆர்ம் வேண்டாம். எது செய்தாலும் கடைசியில் வீல் அலைன்மென்ட். ஷாக் ஒரு நாள், ஆர்ம் இன்னொரு நாள் என்று பிரித்தால் அலைன்மென்ட்டுக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டும். அதனால் ஷாக்கையும் ஆர்மையும் சேர்த்தே செய்யுங்கள், இல்லை சேர்த்தே தள்ளிப்போடுங்கள்.

நாமக்கல் லோடு

லாரிக்காரன் கருத்து ஒன்று. மலை ஏறப்போகிற வண்டிக்கு எல்லா வேலையையும் முதல் நாள் செய்யாதீர்கள். புது வேலையில் ஏதாவது கிளாம்ப் தளரும், பிரேக்கில் காற்று நிற்கும். செய்துவிட்டு பத்து நாள் ஊருக்குள்ளேயே ஓட்டி, அடியில் அட்டை போட்டு ராத்திரி முழுக்க நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணியைப் பார்த்து பயந்து போன் போடாதீர்கள். கொல்லிமலையில் 70 வளைவு, அதிலேயே கார்க்காரர்கள் இதற்காக நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். தொட்டுப் பாருங்கள், பிசுபிசுப்பு இல்லாமல் வெறும் தண்ணியாக இருந்தால் விட்டுவிடலாம். வழவழப்பாக நிறத்தோடு இருந்தால் கூலன்ட். வீல் உட்புறமாக வழிந்து வந்தால் அது பிரேக் ஆயிலா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கோவைப் புதுசு

இவ்வளவு வேலை இருக்கிற வண்டியை வைத்திருப்பதைவிட விற்றுவிட்டு வேறு வாங்கலாமே?

பெருந்துறை டீச்சர்

புது வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு என்று பாருங்கள். சில மாதத் தவணைக்குள் இந்த வேலை முழுதும் முடிந்துவிடும். இப்போது விற்றாலும் வாங்குகிறவர் இதே எஸ்டிமேட்டைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார். ஆர்சி 15 வருடத்துக்கு இருக்கிறது, 2028இல் புதுப்பித்தால் மேலும் ஐந்து வருடம். நம் பக்கத்து வறண்ட காற்றில் கடற்கரை ஊர்களைப் போல பாடி சீக்கிரம் துருப் பிடிப்பதும் இல்லை. என்ஜின் புகைகிறது, சேசிஸில் துரு ஏறிவிட்டது, ஒரு வருடச் செலவு வண்டியின் விலையைத் தொடுகிறது என்கிற நிலை வரட்டும், அப்போது விற்பதைப் பற்றிப் பேசலாம். ஷாக்கும் பம்பும் போவது தேய்மானம்தான். எந்த வண்டியை வாங்கினாலும் அது வரும்.

அவிநாசி ரோடு (அவிநாசி)

வேலை முடிந்ததுங்க. பம்ப், பெல்ட், கூலன்ட், வீல் சிலிண்டர் இரண்டும், பின் ஷூ, பிரேக் ஆயில், ஆக்சில் பூட், டேப்பட் பேக்கிங், பிசிவி வால்வு. எல்லாம் சேர்த்து எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. முன் ஷாக் ஜோடியும் வலது ஆர்ம் புஷ்ஷும் அடுத்த வாரம், அலைன்மென்ட்டோடு. மவுண்டிங்கை விட்டுவிட்டேன். என்ஜினைக் கழுவி ஓட்டிப் பார்த்ததில் கியர்பாக்ஸ் இணைப்பு காய்ந்தே இருக்கிறது. கிளட்ச்சும் வழுக்கவில்லை. கிளட்ச்சை எப்போது மாற்றுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டறைக்காரன் (கோபி)

சமதளத்தில் நாலாவது கியரில் 50இல் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் போய்விட்டது. மலையில் ஊசி வளைவில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? இறங்கும்போது இரண்டாவது கியர். ஏறின கியரிலேயே இறங்குவதுதான் பாதுகாப்பு.

காங்கேயம் தோட்டத்தான்

சரி கோபித் தம்பி, அந்த பிசிவி என்கிறது டீசல் பிக்கப்பில் எங்கே இருக்கும்?

பட்டறைக்காரன் (கோபி)

டேப்பட் கவரிலிருந்து ஏர் பைப்புக்குப் போகிற ரப்பர் குழாய் ஒன்று இருக்கும் பாருங்கள், பிரீதர் பைப். கழற்றிப் பார்த்துக் கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். அப்படியே என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியை மெல்லத் திறந்து பாருங்கள், கையில் எண்ணெய் தெறிக்கலாம், ஜாக்கிரதை. லேசாகப் புகை வந்தால் சரி. குப்குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது அண்ணா, அப்புறம் எந்தப் பேக்கிங்கை மாற்றினாலும் பிசுக்கு நிற்காது. தேங்காய் லோடு இல்லாத நாளாகப் பார்த்து இந்தப் பக்கம் கொண்டு வாங்க, கம்ப்ரஷன் பார்த்துவிடலாம்.